மேடைப் பணமும் மழைக்கால அடுப்பும்

கேள்வி: "அன்புள்ள தங்கச்சிக்கு, எனக்கு வயது 64. குன்னூரில் அப்பா கட்டிய வீட்டில் நானும் மனைவியும் (59) இருக்கிறோம். 1979-ல் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் பேண்டில் இன்றுவரை லீட் கிடார் நான்தான். ஏப்ரல், மே சீசனிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நேரத்திலும் ரிசார்ட்டுகளில் வாசிக்கிறோம். என் பங்குக்கு வருடம் ரூ.1.9 லட்சம் போல வரும். வீட்டில் ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில் மாதம் ரூ.9,000. செலவு மாதம் ரூ.22,000. அம்மா வழி வயலில் என் பங்கை மூன்று வருடம் முன்பு விற்று, வரி போக வந்த ரூ.26 லட்சம் ஒரே வங்கியில் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு காட்டேஜ் கட்டினால் மாதம் 60,000 நிச்சயம் என்கிறார் ஒரு நண்பர். கோவையில் இருக்கும் மகளோ வீட்டை விற்றுவிட்டுக் கீழே வரச் சொல்கிறாள். ஒரு போர்டிங் ஸ்கூலில் 11 வருடம் கிடார் மாஸ்டராக இருந்தேன். 2021-ல் நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சம்பளம் ரூ.14,000. போகும்போது எதுவும் தரவில்லை. வெளிநாட்டில் ராக் கலைஞர்கள் வயதான பிறகு பாட்டை விற்றுக் கோடி கோடியாக வாங்குவதாகப் படிக்கிறேன். 1986-ல் நாங்களும் ஒரு கேசட் போட்டோம், அதில் ஆறு பாட்டு என்னுடையது. ஒரு வருடமாக வலது காதில் ஓயாத ரீங்காரம். எங்களை மாதிரி ஆட்கள் கடைசி மூச்சு வரை வாசித்தே சாப்பிட வேண்டியதுதானா?"

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடைசி வரியை இரண்டு நாள் மனசில் சுமந்துகொண்டு திரிந்தேன். என் தாய்மாமா ஊட்டியில் பகலில் பிலிம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டு, ராத்திரியில் டிரம்ஸ் வாசித்தவர். வேலையை விட்டு வந்தபோது கிடைத்த மொத்தத் தொகையையும் கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். ஒரு நாள் காலையில் அதன் கதவு பூட்டிக் கிடந்தது. அதற்கப்புறம் அவர் குளிரிலும் மழையிலும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தார், முட்டி வீங்கிய பிறகும். வாசிப்பில் அவருக்கு இருந்த ஆசை அந்த வருடங்களில்தான் போனது. பண ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அவர் ஒரு காரணம். அதனால் மேடையை விட்டு இறங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அரிசி, மருந்து, கரண்ட் பில் மூன்றும் மேடையை நம்பி இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். உங்கள் கையில் இருக்கும் 26 லட்சத்துக்கு முதல் வேலை அதுதான்.

முதலில் கோடிக் கணக்கை முடித்துவிடலாம். நீங்கள் படித்தது உண்மை. டேவிட் போவி 1997-ல் தன் பழைய பாட்டுகளிலிருந்து வரப்போகும் ராயல்டியை ஈடாக வைத்துப் பத்து வருடப் பத்திரம் வெளியிட்டு 5.5 கோடி டாலர் திரட்டினார், வட்டி 7.9 சதவீதம். பாப் டிலன் 2020-லும், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2021-லும் தங்கள் பாட்டுகளின் உரிமையை விற்றார்கள். ஸ்பிரிங்ஸ்டீனுக்குக் கிடைத்தது 50 கோடி டாலர் அளவில் என்று செய்தி வந்தது. விற்க முடிந்ததற்குக் காரணம், அந்த உரிமை அவர்கள் கையில் இருந்தது, அதில் வருடா வருடம் பணமும் வந்துகொண்டிருந்தது. தோட்டத்தை விலை பேசுகிறவன் இலை எத்தனை கிலோ இறங்குகிறது என்று பார்த்துத்தானே பேசுவான்.

ஆனால் அதே உலகத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய வேறு மூன்று பேர் இருக்கிறார்கள். டிக் டேல், மின்னல் வேகத்தில் கிடார் வாசித்த மனிதர். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எல்லாம் இருந்தும் எண்பது வயது தாண்டி ஊர் ஊராகப் போய் வாசித்தார். இன்சூரன்ஸ் கட்டியது போக, உயிரோடு இருப்பதற்கான மருத்துவப் பொருட்களுக்கே மாதம் 3,000 டாலர் தேட வேண்டியிருக்கிறது என்று 2015-ல் வெளிப்படையாகச் சொன்னார். 2019-ல் 81 வயதில் இறந்தார். நீங்கள் பயப்படுகிற முடிவு இதுதான் என்று நினைக்கிறேன்.

பாடகர் லெனார்ட் கோஹன் 1990-களில் மவுன்ட் பால்டி மலையில் ஒரு ஜென் மடத்தில் சில வருடம் போய்த் தங்கியிருந்தார். கணக்கு வழக்கு முழுவதும் மேனேஜர் கையில். ஓய்வுக்காகச் சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி கரைந்துபோனது 2004 வாக்கில்தான் அவருக்குத் தெரிந்தது. 2006-ல் நீதிமன்றம் 90 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது, ஆனால் வசூலாகவில்லை. பதினைந்து வருடம் ஊர் சுற்றி வாசிக்காமல் இருந்தவர் 2008-ல் 73 வயதில் மறுபடி மேடை ஏறினார். அதில் அவர் இழந்ததைவிட அதிகம் சம்பாதித்தார், உண்மைதான். உலகமே காத்திருந்த குரல் அது. நமக்கு அப்படி இரண்டாவது தடவை கிடைக்காது. பேண்டின் வரவு செலவையும் உங்கள் பாஸ்புக்கையும் நீங்களே பாருங்கள். இந்த 26 லட்சம் மூன்று வருடமாகச் சேமிப்புக் கணக்கில் தூங்கியதும் பார்க்காமல் விட்டதால் வந்த நஷ்டம்தான். மூன்றாவது ஆள் லெவன் ஹெல்ம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு அவர் தேவைப்படுவார்.

இப்போது பணம். ஒரு வங்கி முடங்கினால் டெபாசிட் காப்பீடு ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைதான் தரும். 26 லட்சத்தை ஒரே இடத்தில் வைத்திருப்பது அதனாலும் சரியில்லை.

15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். தபால் நிலையத்திலும் பல வங்கிகளிலும் இருக்கிறது. 60 வயது முடிந்தவர்கள் 30 லட்சம் வரை போடலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம், கணக்கு தொடங்கும் அன்றைய வட்டியே ஐந்து வருடத்துக்கும் மாறாமல் வரும். உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூ.30,750. இந்தத் திட்டம் உங்களுக்கு ஏன் பொருந்துகிறது என்றால், வட்டி வருவது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில். சீசன் முடிந்து, மழை பிடித்து, ஒரு புரோகிராமும் இல்லாமல் ஆம்ப்பில் பூஞ்சை படிகிற ஜூலையில் வாசலுக்கு வருகிற பணம் அது. நம் ஊர்ப் பாட்டுக்காரர்கள் கடன் வாங்குவது பெரும்பாலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான், நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

5 லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில், அண்ணியோடு கூட்டுக் கணக்காக. 7.4 சதவீதத்துக்கு மாதம் ரூ.3,083 வரும். மூத்த குடிமக்கள் திட்டத்தை மாதக் கணக்கில் பார்த்தால் ரூ.10,250. இரண்டும் சேர்ந்து 13,333, பிள்ளைகள் தரும் 9,000-ஐயும் கூட்டினால் 22,333. உங்கள் செலவு 22,000. அதாவது நாளைக்கு ஒரு ரிசார்ட்டும் கூப்பிடாவிட்டாலும் அடுப்பு எரியும். பிள்ளைகள் மே விடுமுறையில் வராமல் போனால் அந்த மாதம் சீசன் பணம் ஈடு கட்டும்.

வட்டி வருடம் ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வரி பிடிப்பார்கள். உங்களுக்கு வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் (முன்பு 15எச் என்ற பெயரில் இருந்தது) கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள்.

மீதி 6 லட்சத்தில் 3 லட்சம் வேறு ஒரு வங்கியில் பிக்சட் டெபாசிட்டாக இருக்கட்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் பிடித்துப் பர்லியார் வளைவுகளில் இறங்கிக் கோவை போக வேண்டி வந்தால் தொட வேண்டிய பணம் அது. புது ஆம்ப் வாங்கத் தொடாதீர்கள். கடைசி 3 லட்சம் பங்கும் கடன் பத்திரமும் கலந்த ஒரு சமச்சீர் மியூச்சுவல் பண்டில், பத்து வருடம் தொடமாட்டேன் என்ற உறுதியோடு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 22,000 செலவு பன்னிரண்டு வருடத்தில் 44,000 ஆகிவிடும். வட்டி மட்டும் அதைத் தாங்காது. மேடைப் பணம் 1.9 லட்சத்தில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் போக மிச்சமாவதில் பாதியை வருடா வருடம் இந்தப் பண்டிலேயே சேருங்கள். மறு பாதி தாராளமாக உங்கள் இசைக்கு.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. 70 வயது நிறைந்தால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் அட்டையில் குடும்பத்தில் அந்த வயது தாண்டியவர்களுக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு, 2024 அக்டோபரில் தொடங்கியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நீங்கள் அதைத் தாண்டுகிறீர்கள். ஆக 70 வரை நீங்கள் ஆறு வருடமும் அண்ணி பதினொரு வருடமும் கூரையில்லாமல் நிற்கிறீர்கள். இரண்டு பேருக்கும் தனியார் பாலிசி இந்த மாதமே எடுங்கள். 65 வயதுக்கு மேல் பாலிசி தர மாட்டோம் என்று சொல்லும் பழைய வரம்பு 2024-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். பிரஷர், காது இரைச்சல் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளெய்ம் கேட்கும் நாளில் அதுவே திரும்பி வந்து நிற்கும். பிரீமியம் கேட்டதும் தலை சுற்றும், தெரியும். மேடைப் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

காட்டேஜ் வேண்டாம், அண்ணா. 26 லட்சத்தையும் மண்ணில் கொட்டிவிட்டு வருகிற விருந்தாளிக்காகக் காத்திருக்கும் வயதல்ல இது. மலைப்பகுதிக்கென்று தனிக் கட்டட விதிகள் இருப்பதும், பொக்லைன் இறக்கவே கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 அக்டோபரில் வழித்தடத்துக்குச் சாதகமாக முடிந்தது. 2024 மே 7-லிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. மலைக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 'மாதம் 60,000 நிச்சயம்' என்று யாரும் சொல்ல முடியாத காலம் இது. 2009 நவம்பரில் குன்னூர்ப் பக்கம் மண் சரிந்த வாரத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டும் யோசனை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த வீட்டுக்கு வேறு ஒரு வழி உண்டு. லெவன் ஹெல்ம் 'தி பேண்ட்' குழுவின் டிரம்மர். 1998-ல் தொண்டைப் புற்றுநோய், குரல் போனது, மருத்துவக் கடன் ஏறியது, வீட்டுக் கடனும் இருந்தது. ஊர் ஊராக அலையாமல் 2004-லிருந்து உட்ஸ்டாக் ஊரில் தன் வீட்டோடு சேர்ந்த கொட்டகையிலேயே சனிக்கிழமை ராத்திரிகளில் கச்சேரி வைத்தார். ஜனங்கள் தேடி வந்தார்கள். கடன் அடைந்தது, குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. உங்கள் முன்னறையில் இருபது நாற்காலி போடலாம் என்றால், சீசனில் மாதம் இரண்டு மாலை, ஆளுக்கு 500 ரூபாய், அண்ணி போடும் டீயும் வர்க்கியும். ஒரு மாலைக்குப் பத்தாயிரம், வேனுக்கும் சவுண்ட் சர்வீசுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மற்றவர் பாட்டை டிக்கெட் வைத்து வாசிப்பதானால் ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பு) உரிமம் எடுக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம்.

இதை நான் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் காதுக்காகவும்தான். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ரிசார்ட் ஹாலில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல் சுற்றுப்பயணத்தின் நடுவில் காது போய்விடும் என்று டாக்டர் எச்சரித்ததால் நிறுத்த வேண்டி வந்தது. உங்கள் கையும் காதும்தான் மாதம் 9,000-ஐயும் வருடம் 1.9 லட்சத்தையும் கொண்டு வருகின்றன. இந்த வாரமே காது டாக்டரிடம் போங்கள், இசைக்காரர்களுக்கென்று இருக்கும் காதடைப்பான் வாங்குங்கள். அந்தச் செலவை யோசிக்கவே வேண்டாம்.

மகள் சொல்வதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது, ராத்திரியில் உங்களுக்கு ஏதாவது ஆனால் அவள் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறாள். ஆனாலும் இப்போது விற்காதீர்கள். மாணவர்கள், பேண்ட், சர்ச், தெரிந்த மருந்துக்கடை எல்லாம் அந்த வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. கீழே போனால் 9,000 அன்றே நின்றுவிடும். 75 வயதுக்கு மேல் கை ஓய்ந்தால் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று ஒன்று உண்டு. 60 வயது தாண்டியவர்கள் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் ஈடு வைத்து மாதா மாதம் பணம் வாங்கலாம், இருவர் காலம் வரை வீட்டிலேயே இருக்கலாம், அதற்குப் பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி மீட்கலாம் அல்லது வீட்டை வங்கி விற்றுக்கொள்ளும். இன்றைக்கு அது தேவையில்லை. ஆனால் அதற்கும், விற்பதற்கும், மகள் பெயருக்கு எழுதுவதற்கும் பட்டா சரியாக இருக்க வேண்டும். 'அப்பா கட்டிய வீடு' என்று எழுதியிருக்கிறீர்கள், பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு போய் முதலில் மாற்றுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் நேரில் பேசி எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் உயில்.

பள்ளிக்கூட விஷயத்தில் நீங்கள் பேசாமல் வந்தது தப்பு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை. ஆசிரியர்களுக்கு அது 2009 சட்டத் திருத்தத்தின்படி 1997 ஏப்ரல் 3-லிருந்தே பொருந்தும், உச்ச நீதிமன்றமும் 2022-ல் அதை உறுதி செய்தது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. 14,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 11-ஆல் பெருக்கினால் ரூ.88,846. சம்பளமாகத்தான் கொடுத்தார்கள், கவுரவ ஊதியம் என்று வேறு பெயர் போடவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். நியமனக் கடிதம், வங்கி வரவு, வருகைப் பதிவில் கையெழுத்து போட்ட ஞாபகம், எதுவும் உதவும். முதலில் பள்ளிக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை மனுக்களைப் பார்க்கும் அதிகாரியிடம் மனு. தாமதமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. சம்பளத்தில் பிஎஃப் பிடித்திருந்தால் அதையும் தேடுங்கள், பத்து வருடம் கட்டியிருந்தால் 58 வயதிலிருந்து ஓய்வூதியம்கூட இருக்கும்.

கேசட்டின் ஆறு பாட்டும் உங்கள் மெட்டு, உங்கள் வரி என்றால் அதன் உரிமை உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம். ஒலிப்பதிவு உரிமை கேசட் போட்டவரிடம் இருக்கும், பாட்டின் உரிமை வேறு. அன்று எழுதிக்கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஐபிஆர்எஸ்-ல் உறுப்பினராகி ஆறையும் பதிவு செய்யுங்கள். பெரிதாக ஒன்றும் வராது, ஒரு வருடம் நூறு ரூபாய்கூட வரலாம். ஆனால் நாளைக்கு யாரோ ஒருவர் விளம்பரத்துக்கோ படத்துக்கோ அதை எடுத்தால், உங்கள் மகள் கையில் கேட்பதற்கு ஒரு எண் இருக்கும்.

இன்னும் ஒன்று, இதை அவசரமாகச் செய்ய வேண்டும். ரிசார்ட்காரர்கள் ஐந்து பேர் பணத்தையும் உங்கள் பான் எண்ணிலேயே கொடுத்து 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள் என்றால், வருமான வரித் துறையின் கண்ணில் முழுத் தொகையும் உங்கள் வருமானம். மற்ற நால்வருக்கும் கையில் ரொக்கமாகப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தி வங்கி வழியாகவே அனுப்புங்கள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தேதி, தொகை, யாருக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்து போடுங்கள். கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும், அதையும் ஐந்தாகப் பிரிக்க வேண்டும். அடுத்த முறை எல்லோரும் பிராக்டிஸுக்கு வரும்போது அந்த நோட்டை வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் போன டிசம்பர் 31-லிருந்து ஆரம்பிக்கலாம், அந்த ராத்திரியின் கணக்கு எல்லோருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி